லாக்கவானா வால்ட்டரின் குரல்

எங்கள் பட்டறையில் லாக்கவானா வால்ட்டரை வெறுக்காத ஆள் கிடையாது. லாக்கவானா பக்கத்து ஊர்தான், ஆனால் அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் குரல் மட்டும் வரும். வந்தவுடன் யாராவது ஒருவர் கடித்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பிப்பார்.

"வந்துட்டான்யா, நாய்க்காரனோட வக்கீல்" என்பான் லென்னி.

நெடுஞ்சாலை ஓரத்துத் தடுப்புக் கம்பிகள், வேலிக் கம்பங்கள், இவை துருப்பிடிக்காமல் இருக்க உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது எங்கள் வேலை. பஃபலோ நகரத்தின் தெற்குக் கோடியில், ஏரிக்காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில் பட்டறை. வெளியே பனி, உள்ளே கொதிக்கும் தொட்டி. முன்பக்கம் வேகும், முதுகுப்பக்கம் விறைக்கும். கம்பிகளைத் தூக்கிக்கொண்டு கிரேன் நகர்வதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கும். மணி கேட்டால் விலகி நிற்க வேண்டும். அந்த மணி எங்கள் எல்லோருக்கும் தூக்கத்தில்கூடக் கேட்கும். ஆறப்போடும் சட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் ரேடியோ தொங்கும். அதில் பாட்டு வந்து நான் கேட்டதில்லை. வருஷம் முழுவதும் கால்பந்துப் பேச்சுதான்.

எங்கள் ஊரில் கால்பந்து என்றால் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். தூரமாக ஓடிப்போய், மேலே வருகிற பந்தைத் தாவிப் பிடிக்கிறவனை ரிசீவர் என்போம். போன பருவத்தில் எங்கள் அணி ரிசீவர்கள் பிடித்த பந்தைவிட விட்ட பந்து அதிகம். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் மார்ச் மாதத்தில் எந்த அணிக்கும் சொந்தமில்லாமல் நிற்பார்கள். யாரும் யாரையும் எடுக்கலாம். அந்த மார்ச்சில் அப்படி நின்றவர்களில் சிறந்தவன் கெண்ட்ரல் மேபன். எங்களைப் பொறுத்தவரை அவர்களில் மோசமானவனும் அவன்தான்.

காரணம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பனைமரம் இருக்கிற ஊர் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தான் மேபன். எங்கள் மைதானத்தில், கொட்டுகிற பனியில், எங்களைத் தோற்கடித்துவிட்டுக் கேமரா முன்னால் நின்றான். "இந்த ஊர் அணி கூப்பிட்டா வருவீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவன் பனியைப் பார்த்தான். சிரித்தான். "இங்க நான் என் நாயைக்கூடக் கட்டிப்போட மாட்டேன்" என்றான்.

அன்றிலிருந்து அவன் எங்களுக்கு நாய்க்காரன்.

லென்னி ஃபுஸ்கோ தானே ரேடியோவுக்குப் போன் போட்டவன். தொட்டியின் அழுக்கை வழிப்பது அவன் வேலை. ஆள் குட்டை, குரல் நெட்டை. ஒரு மத்தியானம் ரேடியோவுக்கு அடியிலேயே நின்றுகொண்டு நிகழ்ச்சி நடத்தும் டஃபியிடம் பேசினான்.

"டஃபி, அவனுக்கு முப்பது வயசு ஆயிடுச்சு. தொடைத் தசை ரெண்டு தடவை கிழிஞ்சிருக்கு. நம்ம ஊரைக் கேவலமாப் பேசின அந்த..." அடுத்து வந்தது எழுதக்கூடாத வார்த்தை.

ரேடியோக்காரர்கள் வெளியில் இருந்து வருகிற பேச்சைச் சற்றுத் தாமதித்துத்தான் விடுவார்கள். கெட்ட வார்த்தை வந்தால் வெட்டுவதற்கு நேரம் வேண்டுமே. லென்னி பேசி முடித்துப் போனைக் காதிலிருந்து எடுத்த பிறகு, அவன் தலைக்கு மேலே அதே லென்னி மறுபடி பேசினான். "...கேவலமாப் பேசின அந்த" என்று வந்து, கூ என்று ஒரு சத்தம். அப்புறம் விளம்பரம்.

"உன் வாயைக் கழுவ நேரமில்லாம, வெட்டியே போட்டுட்டாங்க" என்றாள் டார்லீன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

டார்லீன் கம்பிகளைக் கொக்கியில் மாட்டுகிறவள். மேபன் விஷயத்தில் லென்னியைவிடக் கடுமை. அவளுக்கு நாய் பேச்சு பெரிதில்லை. "நம்ம அணியில பந்தை எறியற பையன் உயிரைக் கொடுத்து எறியறான். அதை வாங்க ஒரு சோம்பேறியைக் கூட்டிட்டு வரணுமா? இவன் மழை வந்தா ஓடமாட்டான், காத்து அடிச்சா ஓடமாட்டான். நம்ம ஊருல அது ரெண்டும் இல்லாத நாள் எது?"

எதிர்ப்பேச்சு பேச ஒரே ஆள் ஓட்டிஸ். கிரேன் ஓட்டுகிறவர், வயதானவர், மேலே இருந்து நிதானமாகத்தான் பேசுவார். "பந்தைப் பிடிக்கத் தெரிஞ்சவன் வேணுமா, உங்களைப் பாத்தா வணக்கம் சொல்றவன் வேணுமா? முடிவு பண்ணிக்கிட்டு அப்புறம் சண்டை போடுங்க."

"ரெண்டும் தெரிஞ்சவன் வேணும் பெரியவரே."

"அப்படி ஒருத்தன் இருந்தா, அவன் ஏன்டா நம்மகிட்ட வரப்போறான்?"

எனக்கும் மேபன் வேண்டாம் என்றுதான் பட்டது. கிழிந்த தொடையைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு முறை கிழிந்தால் குளிர்காலம் முழுக்க ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. லாக்கவானா வால்ட்டர் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அது ஸ்டாஷ். எங்களோடு தொட்டிக்கரையில் நிற்கும் ஸ்டாஷ் கொவால்.

ஸ்டாஷ் சாப்பாட்டு மணி அடித்ததும் தன் பழைய பிக்அப் வண்டிக்குப் போய்விடுவான். ரகசியமாகக் குடிக்கிறான் என்று லென்னி நினைத்தான். ஒரு நாள் என் வண்டி கிளம்பவில்லை. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பி கேட்கலாம் என்று போய் ஸ்டாஷின் கதவைத் திறந்தேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மூக்கால் பேசிக்கொண்டிருந்தான். "நான் வால்ட்டர் பேசறேன், டஃபி, லாக்கவானாலருந்து. மேபன் வந்தா ஊரே அவரைத் தலையில வச்சுக்கும். நான் பேசற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க..."

என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தான். பேசி முடித்தான். அப்புறம் போனை மடியில் வைத்துக்கொண்டான்.

"எர்ல், கார்லி தெரியும்ல? என் பொண்ணு."

தெரியும் என்றால் பெயர் தெரியும். ஸ்டாஷின் மனைவி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டெக்சஸுக்குப் போய்விட்டாள். பெண் அங்கேதான் வளர்ந்தாள். எங்களில் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

"அவ மேபனோட இருக்கா. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. சத்தமில்லாம பண்ணிக்கிட்டாங்க. ஒரு பொண்ணு பொறந்திருக்கு, ஐவின்னு பேரு." போனில் ஒரு படத்தைக் காட்டினான். தொப்பிக்குள் மூக்கு மட்டும் தெரிகிற குழந்தை. "நான் இன்னும் தொட்டுப் பாக்கல."

"அதுக்கு எதுக்கு வால்ட்டர்?"

"ரெண்டு அணி அவரைக் கேக்குது. அதுல ஒண்ணு நம்மது. கார்லி என்கிட்ட கேட்டா, 'அப்பா, அந்த ஊரு ஜனங்க இவரை ஏத்துக்குவாங்களா? நாங்க அங்க நிம்மதியா இருக்க முடியுமா?'ன்னு. நான் என்ன சொல்லுவேன்? ஊரே காத்துக்கிட்டிருக்குன்னு சொன்னேன். அவ தினமும் போன்ல டஃபி நிகழ்ச்சியைக் கேக்கறா, எர்ல். அவ கேக்கும்போது ஒரு குரலாவது வரணும்ல?"

"சொந்தப் பேரைச் சொல்லிப் பேசேன்."

"பேசினா லென்னி என்ன பண்ணுவான்? என் பொண்ணு பேரை ரேடியோல நாறடிப்பான். குழந்தையைக் காட்டி ஊர்க்கிட்ட ஓட்டு கேக்கச் சொல்றியா?" பிக்அப்பின் கண்ணாடி மூச்சால் மங்கிப்போயிருந்தது. அதை முழங்கையால் துடைத்தான். "அவங்க இங்க வந்தா மைதானத்துக்குப் பக்கத்துலதான் வீடு பாப்பாங்க. என் வீட்டுலருந்து பத்து நிமிஷம். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

ஆனால் மணி சொல்லிவிட்டது.

இன்னொரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிஸ் கிரேனை நிறுத்தவில்லை. அவசரமாக அனுப்ப வேண்டிய கம்பங்கள் இருந்தன. நாங்கள் நாலைந்து பேர் ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். வால்ட்டர் வழக்கம்போல வந்தான்.

"டஃபி, அன்னைக்கு அவர் சொன்னது ஒரு விளையாட்டு. தோத்த கோவத்துல நாம அதைப் பெருசாக்கிட்டோம்..."

"விளையாட்டாம்!" என்றாள் டார்லீன். "உங்கப்பன் வீட்டு விளையாட்டு."

அப்போது எங்கள் தலைக்கு மேலே கிரேன் மணி அடித்தது. நாங்கள் பழக்கத்தில் காலை இழுத்துக்கொண்டோம். கம்பங்கள் நகர்ந்து போயின. சற்று நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது. மறுபடியும் காலை இழுத்துக்கொண்டோம். ஆனால் கிரேன் நின்ற இடத்திலேயே நின்றது.

டார்லீன் மெல்ல நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தாள். "ரெண்டாவது மணி அதுலருந்துதான வந்துச்சு?"

லென்னிக்குப் புரிய நேரம் ஆகவில்லை. முகம் கொதிக்கும் தொட்டி மாதிரி ஆயிற்று. "வால்ட்டர் இங்க இருக்கான்" என்றான். "நம்ம மணி அடிக்கிற தூரத்துல உக்காந்துக்கிட்டுப் பேசறான்."

உள்ளே இல்லாதவர்கள் யார் யார் என்று அவன் பார்த்தான். ஒரே ஒருவன்தான். லென்னி கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே ஓடினான். டார்லீன் பின்னாலேயே போனாள். நானும் போனேன். பிக்அப்பின் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டாஷ் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"வால்ட்டரு!" லென்னி கதவைத் தட்டினான். "இறங்குய்யா வால்ட்டரு. கையெழுத்து வாங்கிக்கறோம்."

ஸ்டாஷ் இறங்கினான்.

"எத்தனை நாளா என் பக்கத்துல நின்னுக்கிட்டு நான் திட்டறதைக் கேட்டுட்டு, இங்க வந்து அவனுக்குக் கொடி பிடிச்சிருக்க? எவ்வளவு குடுத்தான்?"

"யாரும் எதுவும் குடுக்கல."

"அப்ப ஏன் பேரை மாத்திப் பேசற?"

"உன்னை மாதிரி ஆளுங்களுக்குப் பயந்துதான்."

டார்லீன் நடுவில் வந்தாள். "இதுல பயப்பட என்ன இருக்கு? நேரா சொல்லு. அவன் எதுக்கு வேணும் உனக்கு?"

ஸ்டாஷ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். "பந்தைப் பிடிப்பான்" என்றான். "அவ்வளவுதான்."

"நம்ம ஊர்ல நாய்கூட இருக்காதுன்னு சொன்னவன்" என்றான் லென்னி. "எங்கப்பா இந்தப் பட்டறையில இருமி இருமியே செத்தாரு. உங்கப்பாவும்தான். அவங்க நாயைவிடக் கேவலமா?"

ஸ்டாஷ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லென்னி சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சங்கடம்.

அதன் பிறகு பட்டறையில் ஸ்டாஷுக்குப் பெயர் போய்விட்டது. வால்ட்டர் ஆனான். "வால்ட்டரு, கொக்கியை எடு." "வால்ட்டரு, உன் நாய்க்காரன்கிட்ட சொல்லி ஒரு கையுறை வாங்கிக் குடேன்." அவன் சாப்பாட்டு டப்பாவில் யாரோ நாய் பிஸ்கட் போட்டுவைத்தார்கள். ஸ்டாஷ் அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டான்.

அதே வாரம் செய்தி வந்தது. மேபன் பேச்சுவார்த்தைக்காக ஊருக்கு வருகிறான். மறுநாள் மாலை தனி விமானம். எந்த விமானம், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் எங்கள் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். புதிதாக யார் வந்தாலும் விமான நிலைய வேலிக்கு வெளியே போய்க் கை தட்டி வரவேற்பது எங்கள் ஊர் வழக்கம். இந்த முறை லென்னி வேறு வரவேற்பு வைத்திருந்தான். பெரிய பை நிறைய நாய் பிஸ்கட் வாங்கிவந்து, அதை ஜன்னலில் இருந்த ஒற்றைப் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வேலை முடிஞ்சு எல்லாரும் நேரா அங்க. வால்ட்டரும்தான்" என்றான். "நீ எங்க ஆளா, அவன் ஆளா, நாளைக்குத் தெரிஞ்சுடும்."

"நான் வர்றேன்" என்றான் ஸ்டாஷ்.

பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் அவனிடம் தனியாகக் கேட்டேன். "எதுக்கு வர்றேன்னு சொன்ன?"

"கார்லியும் வர்றா. குழந்தையும் வருது. அணிக்காரங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க, நேரம் இருந்தா கூப்பிடறேன்னு சொன்னா." அவன் கையைத் தேய்த்துக்கொண்டான். "தூரத்துலருந்தாவது பாத்துக்கறேன். லென்னி பக்கத்துல நின்னா, அவன் கையைப் பிடிச்சுக்கலாம்."

"இப்பவாவது சொல்லேன் அவங்ககிட்ட. டார்லீன் புரிஞ்சுக்குவா."

"புரிஞ்சுக்குவாங்கதான். அப்புறம்? எனக்காகப் பொய்யா கை தட்டுவாங்க. அவ கண்டுபிடிச்சுடுவா எர்ல். சின்ன வயசுலருந்தே போன்லகூட அவகிட்ட பொய் நிக்காது."

ஊரே காத்துக்கிட்டிருக்கு என்று அவளிடம் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் மாலை மழையும் பனியும் கலந்து பெய்தது. சின்ன விமானங்கள் இறங்கும் பக்கம் அது. வேலிக்கு வெளியே எண்பது பேராவது இருந்தார்கள். கொஞ்சம் பேர் வரவேற்கவே வந்திருந்தார்கள். ஒரு கல்லூரிப் பையன் "வா மேபன்" என்று எழுதிய அட்டையைத் தூக்கி நின்றான். அட்டை நனைந்து மடங்கி "மேபன்" மட்டும் தொங்கியது. அவனுக்கும் லென்னிக்கும் வந்ததுமே சண்டை.

"தம்பி, நீ ஆட்டம் பாக்க ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"நீங்க தோத்தே பழகிட்டீங்க சார். எங்களுக்கு ஜெயிக்கணும்."

"அட்டையை மடக்குடா, காத்துல பறந்து ஏரிக்குப் போயிடப்போற."

டார்லீன் பக்கம் ஒரு பெண் திரும்பி, "ஏம்மா, ரேடியோல அந்த வால்ட்டர் சொல்றது நியாயம்தான?" என்றாள். "அந்த வால்ட்டர் என் காலை மிதிச்சுக்கிட்டு இங்கதான் நிக்கறான்" என்றாள் டார்லீன். எல்லோரும் திரும்பி ஸ்டாஷைப் பார்த்தார்கள். அவன் கம்பிவலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு ஓடுபாதையையே பார்த்தான். அந்த வேலிக் கம்பங்கள் எங்கள் தொட்டியில் முக்கி எடுத்தவை. அடியில் எங்கள் பட்டறை முத்திரை இருந்தது.

விமானம் இறங்கியது. ஒரு கறுப்பு வண்டி பக்கத்தில் போய் நின்றது. படி இறங்கியது. முதலில் அணியின் ஆள் ஒருவர், குடையோடு. பிறகு மேபன். டிவியில் தெரிவதைவிட உயரம். இடது காலை ஒரு நூல் மெதுவாக வைத்தான். என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். உடனே ஒரு பக்கம் கை தட்டல், ஒரு பக்கம் ஊளை. நிஜமாகவே நாய் மாதிரி ஊளையிட்டார்கள். லென்னி பையைப் பிரித்தான்.

"லென்னி, வேணாம்" என்றான் ஸ்டாஷ்.

"கையை எடு வால்ட்டரு."

படியில் அடுத்தது ஒரு பெண். மெல்லிய கோட்டு, எங்கள் ஊர்க் குளிருக்கு அது ஒன்றுமே இல்லை. தோளில் போர்வையில் சுற்றிய குழந்தை. அவள் கன்னம், அவள் நடை, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பட்டறையில் தினமும் பார்க்கிற முகத்தின் பெண் வடிவம்.

"லென்னி, அது என் பொண்ணு" என்றான் ஸ்டாஷ்.

ஊளையில் லென்னிக்கு அது விழவில்லை. எனக்கு விழுந்தது. டார்லீனுக்கும் விழுந்திருக்க வேண்டும். அவள் லென்னியின் தோளை எட்டிப் பிடித்தாள். ஆனால் அவன் கை அதற்குள் வீசிவிட்டது. பின்னால் நின்றவர்களும் வீசினார்கள். பிஸ்கட்டுகள் வேலிக்கு மேலே பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தன. மேபன் முதுகில் ஒன்று பட்டது. ஒன்று அந்தப் போர்வையில் பட்டுத் தெறித்தது.

குழந்தை வீறிட்டது.

அந்தச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. ஊளை நின்றது. மழை பெய்கிற சத்தம் பெரிதாகிவிட்டது.

மேபன் குனிந்து அந்தப் பிஸ்கட்டை எடுத்தான். அணி ஆள் அவனை வண்டிப் பக்கம் இழுத்தார். அவன் வரவில்லை. வேலியை நோக்கி நேராக நடந்து வந்தான். லென்னி கையில் பை இருந்ததால் யாரைத் தேடுவது என்று அவனுக்குத் தெரிந்தது. பிஸ்கட்டைக் கம்பிவலை ஓட்டை வழியாக நீட்டினான்.

"இந்தா. வீட்டுல இருக்கற உன் நாய்க்குப் போடு" என்றான். "பசியில விட்டுட்டு வந்திருக்க போல."

லென்னி பிஸ்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டான்.

கார்லி அதற்குள் வேலி ஓரமாக வந்துவிட்டாள். அவள் லென்னியைப் பார்க்கவில்லை. ஸ்டாஷைப் பார்த்தாள். வலையில் கோத்த அவன் விரல்களையும், அவன் இரண்டு பக்கமும் நின்ற எங்களையும் பார்த்தாள்.

"அப்பா."

"கார்லி."

"இவங்களோடயா வந்தீங்க?"

"இவங்களோடதாம்மா வேலை செய்யறேன்."

அவள் தலையை ஆட்டினாள். குழந்தை விக்கிக்கொண்டிருந்தது. முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "தினமும் ரேடியோ கேட்டேன். வால்ட்டர் நல்லாத்தான் பேசினார். மூக்கால பேசினா எனக்குத் தெரியாதாப்பா?" அவள் குரல் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. "வேற ஒருத்தராவது பேசுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தர்கூடப் பேசல."

ஓட்டிஸ் ரேடியோவுக்குப் போன் போடுகிற ஆள் இல்லை. அந்தக் கல்லூரிப் பையன் போட்டிருக்கலாம். அவன் நனைந்த அட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வரமாட்டீங்களா?" என்று கேட்டான் ஸ்டாஷ்.

"அவர்தான் முடிவு பண்ணணும். நான் வேணாம்னு சொல்லப்போறதில்ல" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேணும்னும் சொல்ல முடியலப்பா" என்றாள்.

பிறகு குழந்தையின் கையை, போர்வைக்கு உள்ளிருந்து எடுத்து, வலையருகே கொண்டுவந்தாள். ஸ்டாஷ் கையுறையைப் பல்லால் கடித்து உருவினான். வலை ஓட்டை சிறியது. அவன் விரல் தொட்டிச் சூட்டில் வெந்து தடித்த விரல். ஒரு விரலைத்தான் நுழைக்க முடிந்தது. குழந்தை அதைப் பிடித்தது. உடனே விட்டுவிட்டது. குளிர்ந்திருக்கும்.

அணி ஆள் கூப்பிட்டார். அவர்கள் வண்டியில் ஏறிப்போனார்கள்.

நாங்கள் எங்கள் வண்டிகளுக்குத் திரும்பினோம். வண்டி நிறுத்துமிடத்தில் டார்லீன் மட்டும் ஸ்டாஷ் முன்னால் வந்து நின்றாள். "ஏன்யா சொல்லல?" என்று கத்தினாள். திட்டுவது போலத்தான் இருந்தது. "எருமை மாதிரி நின்னியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல! நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க" என்றான் ஸ்டாஷ். "என் பொண்ணுங்கறதால நிறுத்தியிருப்பீங்க. வேற யாரோட பொண்ணாவது இருந்தா?"

டார்லீன் தன் வண்டிச் சாவியைத் தேடினாள். பனி அவள் தொப்பியில் சேர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் பட்டறையில் யாரும் வால்ட்டர் என்று கூப்பிடவில்லை. ஸ்டாஷ் என்றும் கூப்பிடவில்லை. கொக்கி வேண்டுமென்றால் கையைக் காட்டினார்கள். ஜன்னலில் இருந்த பிஸ்கட்டுகளைக் காணவில்லை. ரேடியோவில் காலையிலிருந்து விமான நிலையக் கதைதான். போன் போட்டவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். குழந்தை மேல் எறிந்தவனை மைதானத்துக்குள் விடக்கூடாது என்றார்கள். எறிந்தவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான் என்று ஒருவன் சத்தியம் செய்தான். லென்னி தொட்டியின் அழுக்கை வழித்துக்கொண்டே கேட்டான். வழிக்க அழுக்கு இல்லாத இடத்தையும் வழித்தான்.

மத்தியானம் ஸ்டாஷ் வண்டிக்குப் போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். லென்னி எழுந்து, சரக்கு ஏற்றும் கதவுப் பக்கம் போனான். அங்கே போனைக் காதில் வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். என்ன பேசுகிறான் என்பது எங்களுக்கு நேராகக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் தலைக்கு மேலே கேட்டது.

"டஃபி, நான் லென்னி ஃபுஸ்கோ. தெற்குப் பஃபலோ." சொந்தப் பெயர். அவன் குரலில் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. "நேத்து எறிஞ்சவன் நான்தான். வெளியூர்க்காரன் இல்ல. அவன் தொடை எப்படியும் கிழியத்தான் போகுது, நான் சொன்னது சொன்னதுதான். ஆனா வரட்டும். குடும்பத்தோட வரட்டும். எவனாவது ஏதாவது எறிஞ்சா நான்..."

டஃபி குறுக்கிட்டார். "லென்னி, நேரம் போயிடுச்சுப்பா. இப்பதான் செய்தி வந்துச்சு. மேபன் அந்த இன்னொரு அணிக்குக் கையெழுத்து போட்டுட்டாரு."

"எப்ப?" என்றான் ரேடியோவில் லென்னி.

"நீ வரிசையில காத்துக்கிட்டிருந்தப்ப."

கதவுப் பக்கம் நின்ற லென்னி போனை எப்போதோ கீழே இறக்கிவிட்டிருந்தான். அவனுக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவன் தலை குனிந்து நின்ற பிறகுதான் எங்களுக்குக் காரணம் கேட்டது.

ஸ்டாஷ் சாப்பாட்டு டப்பாவை மூடினான். எழுந்துபோய், ஆணியில் தொங்கிய ரேடியோவின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். வயரை ஒழுங்காகச் சுருட்டி ரேடியோ மேல் வைத்தான். லென்னி திரும்பி வந்து அவன் எதிரே நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"கொக்கியை எடு" என்றான் ஸ்டாஷ்.

லென்னி கொக்கியை எடுத்துக் கொடுத்தான்.

மேலே கிரேன் மணி அடித்தது. நாங்கள் காலை இழுத்துக்கொண்டு காத்திருந்தோம். கம்பங்கள் நகர்ந்து தொட்டிக்குள் இறங்கின. மணி இன்னொரு முறை அடிக்கவில்லை.